கைமாத்து விழும் இடம்

பழைய பாட்டென்றால் எனக்குப் பைத்தியம். இதை நான் யாருக்கும் ஒளிப்பதில்லை. விசுவமடுவில் என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படப் பாட்டுத்தான் போகும். தைக்கக் கொடுக்க வரும் பிள்ளைகள், "அன்ரி, இதை ஒருக்கா நிப்பாட்டுங்கோவன்" என்று கெஞ்சுவார்கள். நிற்பாட்டமாட்டேன். பிடிக்காவிட்டால் வேறு இடத்தில் தைக்கட்டும்.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டது ஒரு சைக்கிள். சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. ஐயாவின் ரேப் ரெக்கோடர் ஒன்றும் பழைய பாட்டுக் கசெற் ஒன்றும் வீட்டில் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரில் சாய்த்து, அதிலிருந்து வயர் இழுத்து ரேப்புக்குக் கொடுப்போம். பெடலைக் கையால் சுற்றினால்தான் பாட்டு. பக்கத்து வளவில் இருந்த என் சிநேகிதி சுற்றுவாள். எனக்கு அவசரக் கை, நான் சுற்றினால் பாடகி கீச்சிடுவாள். அவள் ஆறுதலாக, மெல்ல மெல்லச் சுற்றுவாள். அதனால் எங்கள் வீட்டில் எல்லாப் பாட்டும் ஆறுதலாகத்தான் வந்தது.

அதில் ஒரு பாட்டு எங்களுக்கு உயிர். இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் பாடகியின் குரல் கிணற்றுக்குள் விட்ட வாளி போல இறங்கி, மெல்ல மேலே வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு உருகும். என்ன சங்கதி, என்ன சங்கதி என்று அவளிடம் சொல்லிச் சொல்லி, நானும் அப்படியே பாடிப் பழகினேன். ஒருநாள் அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அது சங்கதி இல்லையடி விசரி. எனக்கு வலக்கை உளையுது. இடக்கைக்கு மாத்திறனான், அப்பதான் பாட்டு இறங்குது."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் கைமாத்து. ஊரில் சில்லறைக் கடனுக்குச் சொல்லும் சொல், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் பாட்டாகிவிட்டது.

பிறகு சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது, புளியங்குளத்தில் நின்ற ஒரு பஸ்ஸில் அதே பாட்டைக் கேட்டேன். யாரோ துரத்துவது போலப் பாடகி ஓடினாள். கைமாத்து விழ வேண்டிய இடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. அதுதான் சரியான பாட்டு என்பது எனக்கு விளங்காமல் இல்லை. என்றாலும் எங்கள் பாட்டைத்தான் பாடிக்கொண்டு வந்தேன். ரேப்பும் கசெற்றும் சைக்கிளும் இடப்பெயர்வில் போய்விட்டன, ஐயாவும் போய்விட்டார். மிஞ்சியது அந்தப் பாட்டு. அதற்கும் என்னைத் தவிர, பெடல் சுற்றிய அவள் ஒருத்திதான் சாட்சி.

அவள் கிளிநொச்சியில் கடை போட்டு நன்றாக வந்துவிட்டாள். போன வருடம் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பு. கலியாணத்துக்கு முதல்நாள் மண்டபத்தில் பழைய காலத்து விழா வைக்கப் போகிறார்களாம், எல்லோரும் பழைய படத்தில் வருகிற மாதிரி உடுக்க வேண்டுமாம். இப்போது அதுதான் நாகரிகம். போனில் கூப்பிட்டாள்.

"எங்கட பாட்டை நீதான் பாடோணும்."

"கைமாத்தோடயோ?"

"ஓமடி, அதோடதான். எனக்காகப் பாடு."

"எனக்காக" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சனத்தின் துணியை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவளுக்கும் எனக்கும் ஒரே மாதிரி, கை பொம்மி நிற்கும் பிளவுஸ் தைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று உயரக் கொண்டை போட்டுப் பார்த்தேன். இந்த வயதில் இது தேவையோ என்று வீட்டுக்காரர் கேட்டார். தேவை என்றேன்.

மண்டப வாசலில் பித்தளைக் குழல் வைத்த கிராமபோன் ஒன்று நின்றது. வாடகைக்கு எடுத்தது. பக்கத்தில், "அம்மாவின் சின்ன வயதுப் பாட்டுப்பெட்டி" என்று அழகாக எழுதியிருந்தது. பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்தேன். அவள் கடையில் வாங்கிய மினுங்கல் பிளவுஸோடு நின்றாள். நான் தைத்தது இறுக்கமாம். அவளுடைய அளவு எனக்குத் தெரியாதா? அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் போட்ட கொண்டையோடு எப்படித் திரும்புவது?

மேடையில் ஏறி, வாத்தியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாடினேன். எங்கள் வேகத்தில்தான் பாடினேன். முதல் சரணம் முடியும்வரை சபை பேசாமல் கேட்டது. கைமாத்து விழும் இடம் வந்ததும் குரலை இறக்கினேன். மாப்பிள்ளை வீட்டு மேசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு மேசையே சிரித்தது. நான் நிறுத்தவில்லை. முன்வரிசையில் அவள் இருக்கிறாள், எழும்பி ஒரு சொல் சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்று நம்பினேன். அவளும் எழும்பினாள். மேடைக்கு வந்து மைக்கை வாங்கினாள்.

"குறை நினைக்காதேங்கோ. இவாக்குப் பாட்டெண்டால் சரியான விருப்பம், தாளம்தான் கொஞ்சம் பிடிபடாது. எங்கட வீட்டுப் பெட்டியில இந்தப் பாட்டு இப்பிடி இல்லை."

மண்டபம் சிரித்துக் கை தட்டியது. என்னை நீ, வாடி, போடி என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அறியாதவள், அன்றைக்கு இவா என்றாள். அந்த மரியாதைதான் சிரிப்பைவிட எனக்குச் சுட்டது. சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

ஒரு கிழமை கழித்து அவளே போன் எடுத்தாள். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் வேறு என்ன சொல்வது என்றாள். ஏன் கைமாத்தோடு பாடச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ என்னவோ கேட்டனி, நான் ஓம் எண்டனான். அந்தக் காலத்துக் கதையெல்லாம் ஆருக்கடி இப்ப ஞாபகம்?"

மறந்திருந்தால் விட்டிருப்பேன். வயது போகிறது, எனக்கும்தான் எத்தனையோ மறந்துபோகிறது. ஆனால் மேடையில் நின்ற நான் அவளைத்தானே பார்த்துக்கொண்டு பாடினேன். மடியில் கிடந்த அவளுடைய வலக்கை, அவள் அறியாமலே, மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் குரலை இறக்கிய அதே இடத்தில் அது நின்றது. இடக்கை வந்து சுற்றத் தொடங்கியது.

அந்த இடக்கையால்தான் என்னிடமிருந்து மைக்கை வாங்கினாள்.