டேமியனின் இரண்டு ஆட்டங்கள்

"இளரத்தம் வேணும், கிழவா. தப்பா எடுத்துக்காதே" என்று சொல்லித்தான் பயிற்சியாளர் கிரெக் டேமியனை முதல் அணியிலிருந்து இரண்டாம் அணிக்கு இறக்கினான். போன வருஷம் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் ஜெயித்த, ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடும் ஊர் கிளப்பை அடியோடு புதுசாகக் கட்டுகிறார்களாம். முப்பத்தாறு வயது டேமியன் இரண்டாம் அணிச் சட்டையை வாங்கிக்கொண்டான். வாரம் முழுக்கக் கோதுமைக் கிடங்கில் நின்று நோகிற முழங்காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் சரி.

சனிக்கிழமைகளில் இரண்டாம் அணிதான் முதலில் ஆடும்; முதல் அணியின் ஆட்டம் அதற்குப் பிறகு. ஆடி முடித்து, கணுக்காலில் சுற்றியிருந்த பட்டையை அறுத்தெறிந்துவிட்டு, டேமியன் சூடான சாசேஜ் ரோலை வாயருகே கொண்டுபோனபோது கிரெக் வந்து நின்றான்.

"முதல் டீம்ல பதினேழு வயசுப் பய ஒருத்தன் வரலை. அவனுக்கு லைசன்ஸ் கிடையாது, கொண்டுவந்து விட அவங்கம்மாவுக்கு நேரமில்லையாம். நீ சும்மா பெஞ்சில உக்காரு, போதும்."

போன மூன்று வாரமும் இதையேதான் சொன்னான். மூன்று முறையும் பெஞ்சு சூடாகும் முன்பே களத்தில் இறக்கிவிட்டான்.

டேமியன் ரோலைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி பட்டை சுற்றக் காலை நீட்டினான்.

"அடுத்த வாரம் என்னை முதல் டீம்லயே எடுத்துடு, கிரெக். ஒரு மேட்ச்சோட வீட்டுக்குப் போயிடுவேன்."