எந்த ஊர் என்று கேட்டால்

வேனுக்குள் வீடு கட்டும் யோசனை என் கணவருக்கு யூடியூப் பார்த்து வந்தது. ஏதோ ஒரு நாட்டில், மலையும் ஏரியுமாக நீளும் சாலையில், ஒரு ஜோடி வேனிலேயே சமைத்து வேனிலேயே தூங்கிக்கொண்டு போகும். எப்போது பார்த்தாலும் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். போகிற இடத்தில் ஒருவரும் அவர்களை நிறுத்தி, எந்த ஊரு, யாரு வீட்டு ஆளு என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்காத நாட்டில் நானும்தான் சிரிப்பேன்.

பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, மதுரை திருநகர் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தட்டிக்கொண்டே இருந்தார். கட்டில் வந்தது. கேஸ் அடுப்பு வந்தது. ஒரு டம்ளருக்கு மேல் கழுவ முடியாத சிங்க் ஒன்றும் வந்தது. சோழவந்தான், தேனி, கம்பம், மேகமலை என்று பத்து நாள் பயணம் போட்டார். நான் ஆபீஸில் லீவு சொன்னதற்கு மேகமலை காரணமில்லை. சோழவந்தான்தான் காரணம்.

அதற்குப் பக்கத்தில், வைகைக் கரையில்தான் அவர் பிறந்த கிராமம் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். ஒரு தடவைகூட அவர் அங்கே போனதில்லை, என்னைக் கூட்டிப் போனதும் இல்லை. அவர் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. நான் அந்த மாதிரி நிலங்களில் கூலிக்குப் போனவர்களின் மகள். நண்பர்கள் கையெழுத்துப் போட, ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும், மகன் பம்பாயில் வேலையாக இருக்கிறான் என்று ஊரில் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

"ஒரு நாள் உன்னைய எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, இவதான் என் பொண்டாட்டி, இன்ன ஊரு, இன்னாரு மகள்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லத்தான் போறேன்" என்பார். வாய் கிழிய, வருடாவருடம். வேன் தயாரானதும் நான் கேட்டேன்: "இப்பவாச்சும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன். வீட்டையே கையோட கொண்டுபோறோம். எவன் கதவையும் தட்ட வேண்டியதில்ல."

நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

கிளம்பிய அன்றே சாயங்காலம் நாலரை மணிக்கு, அந்த ஊர்ப் பொதுவிடமான மந்தையில் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். அழகான இடம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் நெல் வயல். மறுபக்கம் வெற்றிலைக் கொடிக்கால், அகத்தி மரங்களைச் சுற்றிக் கொடி ஏறி உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தது. நான் டீ போட்டேன். மொபெட்டில் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிறுத்தி இறங்கினார். வேனை ஒரு சுற்று சுற்றி வந்து, என் கணவரை உற்றுப் பார்த்தார்.

"ஏப்பா, நீ கெணத்து வீட்டுக்காரரு மகன்ல? அடப்பாவி, உங்கம்மாவுக்கு நான் அண்ணன் முறைடா. மாமனைத் தெரியலையா? பம்பாய்லயிருந்து எப்ப வந்தே மாப்ள?"

இவர் இளித்தார். பெரியவர் நான் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். நல்ல சிரித்த முகம். "வீட்டுக்காரியா? தாயி எந்த ஊரு?" என்றார், என்னிடமில்லை, அவரிடம்.

பதினெட்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"நம்ம பக்கந்தான் மாமா. வாடிப்பட்டிக்கு மேற்க."

இந்த மதுரைப் பக்கத்தில் பிறந்த ஒருவர் இதைவிட மடத்தனமாகப் பொய் சொல்ல முடியாது. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் வீட்டைக் கேட்பார்கள். வீட்டைச் சொன்னால், அந்த வீட்டுக் கொழுந்தியாள் தங்களுக்கு என்ன முறை என்று கண்டுபிடிக்காமல் நகர மாட்டார்கள்.

"மேற்க எந்த ஊரு? அங்கிட்டுத்தான் என் மகளைக் கட்டிக் குடுத்துருக்கேன். அம்புட்டுப் பேரையும் தெரியும். யாரு மக?"

என் கணவர் திருதிருவென்று முழித்தார். "அது... அவங்கப்பா தவறிட்டாரு மாமா. இப்ப அங்க யாரும் இல்ல."

என் அப்பா கொட்டாம்பட்டியில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். கடலை பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று அன்று காலையில்தான் போனில் புலம்பினார். சொந்தமாக வாங்கிய ஒன்றரை ஏக்கரில் எழுபது வயதிலும் தானே குனிந்து பறிக்கிற மனிதர். அவரை என் கணவர் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் கொன்றுவிட்டார்.

"எங்கப்பா உசுரோட இருக்காரு" என்றேன். "ஊரு கொட்டாம்பட்டி."

பெரியவர் அவரைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக என்னிடம் கேட்டார்: "கொட்டாம்பட்டில எங்கிட்டு?"

"காலனி."

பெரியவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். சிரித்த முகம் மட்டும் போய்விட்டது. என்னை அங்கே இல்லாத ஆளாக்கிவிட்டு இவரிடம் சொன்னார்: "மாப்ள, மந்தைல வண்டி நிக்கக் கூடாது. பயலுக வாரதுக்குள்ள எடுத்துட்டுப் போயிரு."

என் கணவர் அடுப்பை அணைத்தார், வெளியே போட்டிருந்த நாற்காலிகளை மடக்கி உள்ளே எறிந்தார், ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஆறு மாதம் வீடு கட்டியவருக்கு அதைக் காலி பண்ண இரண்டு நிமிஷம் போதுமாக இருந்தது. நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"என்ன பண்றே? ஏறு."

"அவருகிட்டச் சொல்லு. 'என் மாமனாரு உசுரோட இருக்காரு, நான் சொன்னது பொய்யி'ன்னு சொல்லு. அப்புறம் எடு."

"அதான் நீ சொல்லிட்டியே. இன்னும் என்ன?"

"நீ சொல்லு."

அவர் ஹார்ன் அடித்தார். ரோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கு அடிப்பது போல, இரண்டு தரம், நீளமாக. என்னைப் பார்த்து. மொபெட்டில் காலூன்றி நின்ற பெரியவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைச் சாகிறவரை மறக்க மாட்டேன். இரண்டு பேரையும் மன்னிக்கவும் மாட்டேன்.

ஒதுங்கி வழி விட்டேன். வேன் பத்தடி போய் நின்றது, கதவு திறந்தது. அதைத் தாண்டி நடந்தேன். பின்னாலேயே ஊர்ந்து வந்து, "ஏறும்மா, ஊரே பாக்குது" என்று கெஞ்சினார். அப்போதும் ஊர் பார்ப்பதுதான் அவருக்குக் கவலை. மெயின் ரோட்டில் மதுரை பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். சாப்பிடும்போது மன்னிப்புக் கேட்கிறார், படுக்கும்போது கேட்கிறார். "உன்னையக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். அங்கன என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது" என்று ஒரு நாள் சொன்னார். எனக்குத் தெரியாதாம். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

கடைசியாக நான் சொன்னது ஒன்றுதான். "எங்கிட்டக் கேக்காதீங்க. அந்த மனுசன்கிட்டப் போயி, அவ அப்பா இருக்காருன்னு சொல்லிட்டு வாங்க. நீங்க மட்டும் போங்க, நான் வரல."

"போறேன்" என்றார்.

திருநகரிலிருந்து சோழவந்தானுக்கு ஒரு மணி நேரம். வேனில் டீசல் இருக்கிறது. நாலு மாதமாகிறது, இன்னமும் போறேன் என்றுதான் சொல்கிறார்.