விட்டுப்போன எலி

நான் எலிப்பொறி செய்கிறவன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு முப்பது வருஷம் பிடித்திருக்கிறது.

பொறியியல் கல்லூரிக்கு மூன்று முறை நுழைவுத் தேர்வு எழுதினேன். மூன்று முறையும் தேர்வுதான் வென்றது. பிறகு ஒரு கம்பிப் பட்டறையில் சுருள்வில் வளைக்கக் கற்றுக்கொண்டு, வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்துச் சொந்தத் தொழில் தொடங்கினேன். பதிவு அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். 'தொழில்' என்ற கட்டத்தில் 'எ' போடப் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. பெண் தேடிக்கொண்டிருந்த சமயம். 'பொறி தயாரிப்பு' என்று மட்டும் எழுதிவிட்டு வந்தேன். பெண் வீட்டிலும் அதையே சொன்னோம். கல்யாணம் முடிந்து எட்டாம் நாள்தான் என் மனைவி பட்டறையைப் பார்த்தாள். ஒரு பொறியைத் திறந்து மூடிவிட்டு, வில் நன்றாக இழுக்கிறது என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் அவள் அண்ணன்தான். அவர் பாலம் கட்டுகிற நிஜப் பொறியாளர். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "மாப்பிள்ளை, இந்த வாரம் எத்தனை கைது?" என்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வீட்டில் புலி, வெளியில் எலி என்று சிலரைச் சொல்வார்கள். நான் இரண்டு இடத்திலும் எலிதான்.

போன வருஷம் வணிகப் போட்டி ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் என் பெயருக்கு முன்னால் 'பொறியாளர்' என்று அச்சடித்திருந்தது. பொறி செய்கிறவன் பொறியாளர் என்று எந்தக் குமாஸ்தாவுக்குத் தோன்றியதோ, அவர் குடும்பத்தோடு நன்றாக இருக்கட்டும். தேடுபொறிச் சந்தையில் ஒரு பெருநிறுவனத்தின் ஆதிக்கம் பற்றிப் பொது விசாரணை நடக்கிறது, போட்டி நிறுவனம் என்ற முறையில் தாங்களும் கலந்துகொள்ளலாம் என்று உள்ளே எழுதியிருந்தது.

நான் போனில் எதையாவது தேடாத நாள் கிடையாது. ஆனால் அதற்குத் தேடுபொறி என்று ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் 'நெட்ல பாரு' என்பதோடு சரி. ஆகவே, எலியைத் தேடிப் போய்ப் பிடிக்கிற பொறி ஒன்றை யாரோ பெரிய கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். என் பொறி வைத்த இடத்தில் கிடக்கும், எலிதான் வர வேண்டும். இது எழுந்து நடந்து போகுமாம். இனி என் பொறியை யார் வாங்குவார்கள்? ஆனாலும் அந்த உறைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மச்சான் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிரே மாட்டத் தவறவில்லை. அவர் அதை இரண்டு தடவை படித்தார். அன்றைக்குக் கைது விவரம் கேட்கவில்லை.

விசாரணையை நேரடியாக ஒளிபரப்புவார்கள் என்று தெரிந்ததும் என் மனைவி சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லிவிட்டாள். நான் மூன்று பக்கத்துக்குப் பேச்சு எழுதிக்கொண்டு, மாதிரிக்கு ஒரு பொறியையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் பையைச் சோதித்த காவலாளியின் விரலை அது பிடித்துக்கொண்டது. தரத்தைப் பற்றி அவருக்கு மட்டும் சந்தேகம் இருக்காது.

அந்தக் கலாட்டாவில் நான் உள்ளே போவதற்குள் விசாரணை பாதி ஆகியிருந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். அவரும் சின்னதாகத் தேடுபொறி நடத்துகிறாராம். வாடகை அறையில் மொத்தம் நாலே பேர். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பெரிய மனுஷத் தோரணையில் தைரியம் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவும்மா மாட்டும்?"

"மாட்டுறதா? ஆறாயிரம் பேர் வர்றாங்க சார்."

"பேரா?"

அவர் தன் போனைத் திறந்து காட்டி விளக்க இரண்டு நிமிஷம் ஆனது. என் பேச்சின் முதல் வரி 'எலிகளின் சுபாவம் யாதெனில்' என்று தொடங்கும். மூன்று பக்கத்தையும் எட்டாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தேன். மெல்ல நழுவிவிடலாம் என்று பையை எடுக்கும்போது பெருநிறுவனத்தின் வக்கீல் எழுந்தார்.

அவர் குரலே உயர்த்தவில்லை. தங்களுக்குப் போட்டியே இல்லை என்று பழி போடுகிறார்கள், ஆனால் அரசின் தொழில் பதிவேட்டிலேயே நாற்பத்தொரு பொறி நிறுவனங்கள் இருக்கின்றன என்று பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். பதினேழாவதாக என் பெயர் வந்தது.

பக்கத்திலிருந்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். புதுப் போனை முதல் தடவை திறக்கும்போது எந்தத் தேடுபொறி வேண்டும் என்று வாங்கியவரைக் கேட்க வேண்டும். அப்படி ஒரு விதியை ஆணையம் யோசித்துக்கொண்டிருந்தது. அதுவரை பெருநிறுவனத்தின் பொறிதான் தானாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

"நாப்பத்தோரு பேர் இருக்காங்கன்னு பதிவாயிட்டா அந்த விதி வராது சார். நாங்க இன்னும் மூணு மாசம்கூடத் தாங்க மாட்டோம்" என்றார்.

அவர் கையை உயர்த்தினார். அவருடைய முறை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று ஆணையத்தின் தலைவி சொல்லிவிட்டார். பட்டியலில் உள்ள வேறு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நான் கேமராவைப் பார்த்தேன். அந்தப் பக்கம் என் மனைவி, மச்சான், சொந்தபந்தம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் சாகும்வரை நான் பொறியாளர். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். தலைவி அடுத்த தாளைப் புரட்டப் போனார். அப்புறம்தான் எழுந்தேன்.

"அம்மா, அதுல பதினேழாவது நான். நான் செய்றது எலிப்பொறி."

வக்கீல் தாளைப் பார்த்தார். "பதிவுல பொறி தயாரிப்புன்னுதானே இருக்கு? எலி எங்க?"

"எலியை நான்தான் விட்டுட்டேன்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. முப்பது வருஷத் தொழிலில் நான் விட்ட ஒரே எலி அதுதான், அதுவும் அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டது. காது சூடாகிவிட்டது. பையிலிருந்த பொறியை எடுத்துச் சாட்சியாக மேசைமேல் வைத்தேன். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, தான் பெருச்சாளிக்கூண்டு செய்வதாகச் சொன்னார். இன்னொருவர் அடுப்புப் பற்றவைக்கிற தீப்பொறி லைட்டர். தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு வரும்படி வக்கீலை அனுப்பினார். மதியம் அவர் திரும்பி வந்தபோது நாற்பத்தொன்றில் மூன்று மிச்சம். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான், ஆனால் அன்றைக்கு எலியால் காரியம் ஆனது.

வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது. உள்ளே மச்சான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைது பற்றிக் கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அவர் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார். எங்கள் கல்யாணத்திலிருந்து இதுவரை அவர் செய்யாத காரியம் அது.

ஆறு மாசம் கழித்து விதி வந்தது. அந்தப் பெண்ணின் வாடகை அறையில் இப்போது ஏழு பேர். ஆணையத்தின் அறிக்கையில் எனக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள். அதில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தது: 'பக்கம் 112, வரி 9. பொறியாளர் என்பதை எலிப்பொறி செய்பவர் எனத் திருத்தி வாசிக்கவும்.'

என் மனைவி அந்தச் சீட்டைப் பக்குவமாகப் பிரித்தெடுத்தாள். சுவரிலிருந்த சட்டத்தை இறக்கி, உறையை உருவிவிட்டு, அதில் சீட்டை வைத்தாள். மானம் போனதை மாட்டி வைக்கணுமா என்று கேட்டேன். அவள் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, அதே ஆணியில் மாட்டினாள்.

"அந்தக் கவர்ல இருந்தது யாரோ. இதுலதான் நீங்க இருக்கீங்க" என்றாள்.