மோட்டாருக்குக் குளியல்

இதைப் பங்குனியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒருவர் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார். நேற்றோடு கட்டு அவிழ்ந்தது.

அன்று சேவுகம்பட்டி பஸ்ஸிலிருந்து என் மச்சான் இறங்கினார். பஸ்ஸின் தலையிலிருந்து, சாக்கு சுற்றிய கரண்ட் மோட்டார் ஒன்றும் இறங்கியது.

"மாப்ளே, பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்கு."

கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த காளைகளைப் பக்கத்துத் தோட்டத்து உடையப்பனிடம் விற்று வாங்கிய மோட்டார். ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர்... ஊரே வேடிக்கை பார்த்ததாம். இப்போது வெங்காயம் வாடுகிறது. மாட்டை இரவல் கேட்டதற்கு உடையப்பன் சிரித்திருக்கிறார். "மாட்டுல ஸ்விட்ச் எங்கன்னு தேடுவியே அப்பு!"

சொல்லிவிட்டு மச்சான் மோட்டாரைச் சாக்கோடு தடவிக்கொடுத்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"அப்படி என்னதான் செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல மாப்ளே. மத்தியானம் தொட்டுப் பாத்தேன், உடம்பு கொதிச்சுச்சு. ரெண்டு குடம் தண்ணி ஊத்தி, வைக்கோலால தேச்சுக் குளிப்பாட்டினேன். ஸ்விட்சை அமத்திட்டுத்தான் ஊத்தினேன். நான் என்ன கூறு கெட்டவனா?"

காளைக்குச் செய்வதைத்தான் செய்திருக்கிறார். ஈரம் காய்வதற்குள் மறுபடி ஓடவிட்டதும்... டப்! சாம்பிராணிப் புகையை மோட்டாரே போட்டுக்கொண்டது.

திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்து, எரிந்துபோன காயிலை மறுபடி கட்டித் தருபவர் அந்தோணி ஒருவர்தான். போனால், கடை வாசலில் வரிசையாக மோட்டார்கள். ஆத்தூர், நிலக்கோட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குளித்துவிட்டு வந்தவை. ஒன்றுக்கு விபூதிப் பட்டைகூட இருந்தது.

மோட்டார் விற்கத் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. அதை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் உண்டா? நாடு முன்னேறுகிறது என்கிறார்கள். முன்னேறட்டும் — ஆனால் வேலை தெரிந்தவன் வீட்டுப் பக்கமாகத்தான் முதலில் முன்னேறும் போலிருக்கிறது. அந்தோணியின் கடைக்குப் பின்னால் புது மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

"வரிசைப்படி பாத்தா பத்து நாளாகும்ணே" என்றார் அந்தோணி.

பத்து நாளில் வெங்காயம் விறகாகிவிடும். மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"மோட்டாரைக் குளிப்பாட்டாதீங்கன்னு ஊர் ஊராச் சொல்லக் கூடாதா? நான் பத்திரிகையில எழுதப் போறேன்."

அந்தோணியின் முகம் மாறியது. மாடியை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா எழுதுங்கண்ணே. ஆனா, மேல இன்னும் கூரை போடல... செத்த பொறுக்கலாம்ல?"

சொல்லிக்கொண்டே மச்சானின் மோட்டாரைத் தூக்கி வரிசைக்கு முன்னால் வைத்தார். மறுநாள் சாயங்காலம் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. நான் பேனாவை மூடி வைத்தேன். வேறென்ன செய்ய?

நேற்று அந்தோணி வீட்டுப் புது மாடியில் எனக்குப் பிரியாணி விருந்து.

ஆகவே அன்பர்களே, மோட்டாரைக் குளிப்பாட்டாதீர்கள்.