வாப்பாவின் மருதாணித் தாடி

கெட்டித் தேயிலைத் தண்ணீர் விட்டு மருதாணி இலையை அம்மியில் அரைக்கும்போது எழும் அந்தப் பச்சை வாடைதான் எனக்கு வியாழக்கிழமை. அறுபதுகளில் அந்தமானில், போர்ட் பிளேரின் ஜங்லிகாட் பகுதியில் என் வாப்பா கயிறும் பாயும் அரிக்கேன் விளக்கும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவருக்கு நாற்பதிலேயே தலையும் தாடியும் நரைத்துவிட்டதால், உம்மா அரைத்துக் கொடுப்பதை வியாழன் மாலை பூசி ஊறவிட்டு, மறுநாள் ஜும்மா தொழுகைக்குச் செக்கச்செவேலென்று கிளம்பிப் போவார். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பதினொரு வயது எனக்கோ வெளியே தலைகாட்ட முடியாத வெட்கம்.

பள்ளியில் வங்காளி, தெலுங்கு, மலையாளி வீட்டுப் பிள்ளைகளோடு இந்தியில்தான் பேச்சு. ஒருநாள் மழை பிடித்துக்கொள்ள, வாப்பா கடையை அப்படியே விட்டுவிட்டுக் குடையோடு பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். யார் அந்த "லால் தாடிவாலா" என்று என் தோழி மாலா சிரித்தாள். சிவப்புத் தாடிக்காரன் என்று பொருள். எங்கள் கடையில் வேலை செய்கிற ஆள் என்று இந்தியிலேயே சட்டென்று சொல்லிவிட்டேன். சொல்லித் திரும்பினால் இரண்டடியில் வாப்பா. முகத்தில் ஒன்றும் காட்டாமல், "லோ பேபி, சேட்னே பேஜா" என்று குடையை நீட்டினார். இந்தா பாப்பா, முதலாளி அனுப்பினார் என்று என் பொய்க்கு அவரே சாட்சி சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே நடந்தார்.

வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. ஆனால் அடுத்த வியாழன், மருதாணி வேண்டாம், கறுப்புச் சாயம் போடப்போகிறேன் என்றார். இலைச் சிவப்பு இருக்கிற முடியில் கறுப்பை ஏற்றினால் பாசிப் பச்சையாகிப் போகும், முதலில் அதை எடுத்தாக வேண்டும் என்று முடிவெட்டுகிறவர் பயமுறுத்தி வைத்திருந்தார். அதனால் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தலையிலும் தாடியிலும் ஊற்றித் துண்டால் கட்டிக்கொள்வதும், எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் உட்காருவதும், சீயக்காய் போட்டு அலசுவதுமாக ஒரு மாதம் ஓடியது. "இந்த வயசுல என்னங்க மாப்புள வேசம்?" என்று உம்மா கேலி செய்தார். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கூரைத் தண்ணீர் பிடித்த பீப்பாயிலிருந்து மொண்டு ஊற்றுவது என் வேலை. சீயக்காய் கண்ணில் இறங்கிக் கண்ணும் சிவந்து, "பாரு புள்ள, கொறஞ்சிருக்கா?" என்று அண்ணாந்து கேட்பார். துருப்பிடித்த தகரம் மாதிரி ஆனதே தவிர அந்தச் சிவப்பு அசையவில்லை. "கொறஞ்சிருக்கு வாப்பா" என்பேன். போதும் வாப்பா, இப்படியே இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்த வார்த்தைக்காகவே அவர் அத்தனை முறை கேட்டிருப்பார் என்று இப்போது படுகிறது. நானோ இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினேன்.

மிச்சச் சிவப்பு போக வழியில்லாமல், ஒட்ட வெட்டிவிட்டுப் புதுமுடிக்குக் கறுப்பு ஏற்றினார். பள்ளிவாசலில் பெரியவர்கள், "கறுப்பு மார்க்கத்துல ஆகாதுன்னு தெரியாதா பாய்?" என்று கடிந்துகொண்டார்கள், சிரித்து மழுப்பிவிட்டார்.

ஆண்டு விழாவுக்குக் கறுகறுவென்ற தாடியோடு வந்தவரை மாலாவிடம் என் வாப்பா என்று காட்டினேன். அவள் வணக்கம் சொல்லிவிட்டு, அந்த லால் தாடிவாலா எங்கே என்று கேட்டாள். வாப்பாதான் முந்திக்கொண்டு, "வோ மெயின்லேண்ட் சலா கயா பேட்டி" என்றார், ஊருக்குப் போய்விட்டான் என்று. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மருதாணி பொட்டலத்தில் வருகிறது, அரைக்க ஆளும் இல்லை, அம்மியும் இல்லை. வாப்பா சாகும்வரை கறுப்பே போட்டார். படங்களில் எல்லாம் அந்தக் கறுப்புத் தாடிக்காரர்தான், பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்தவரும் அவர்தான். அந்தச் சிவப்புத் தாடிக்காரரை நாலு பேர் காதுபட ஒருதரம்கூட நான் வாப்பா என்று கூப்பிட்டதில்லை.