4.60 மீட்டரில் தெளிந்த முகம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எனக்கு நடந்ததை ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொல்கிறேன். நள்ளிரவும் இல்லை, சுடுகாடும் இல்லை. 2014 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல். ஜெர்மனியின் கீல் நகரத்தில் நான் வேலை பார்த்த கேமரா கம்பெனியின் அடித்தள இருட்டறை.

நாங்கள் செய்தது ஒளிப்புலக் கேமரா. முதலில் படத்தை எடுத்துவிடலாம். எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைப் பிறகு கணினியில் ஒரு பட்டையை இழுத்து முடிவு செய்துகொள்ளலாம். அதற்கும் எல்லை உண்டு. இந்தக் கேமராவுக்கு 2.80 மீட்டர். அதற்கு அப்பால் இருப்பது மங்கல்தான், என்ன இழுத்தாலும் தெளியாது. அந்த எல்லையைச் சரிபார்ப்பது என் வேலை. கோடு போட்ட பலகையை மோட்டார் தள்ளிக்கொண்டே போகும். பலகைமேல் மட்டும் சின்ன விளக்கு. மற்றதெல்லாம் கும்மிருட்டு.

எங்கள் விதி, நான்கு கண். ஒருவர் அளக்க, இன்னொருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, அளவுத்தாளின் ஒவ்வொரு வரிக்கும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருடமாக என் இன்னொரு ஜோடிக் கண் தோரேதான். பார்த்துவிட்டேன் என்று வாயால் சொல்ல மாட்டான். மேசையை இரண்டு தட்டுத் தட்டுவான். எனக்கு மயக்க நோய் உண்டு. தனியாக விழுந்தால் கதை முடிந்தது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"இம்கே, ஒரு போன் வந்திருக்கு. நீ ஆரம்பி, அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்," என்று அன்று நாற்காலியை விட்டு எழுந்தான் தோரே.

"விளையாடாத. நான் இங்க தனியா இருக்கக் கூடாதுன்னு தெரியும்ல?"

"அடப் போம்மா! உன்னை விட்டுட்டு எங்க ஓடிடப் போறேன்?"

மணி 3:20. கணினித் திரையை அணைத்துவிட்டு ஆரம்பித்தேன். "0.30," என்று சத்தமாகச் சொல்லிப் படம் எடுத்தேன்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

டொக்… டொக்.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

அளக்கும்போது அவன் பேசுகிறவனா என்ன! நிம்மதியாக அடுத்ததற்குப் போனேன். பதினான்கு படங்கள். பதினான்கு முறையும் டொக், டொக்.

3:49. திரையைப் போட்டேன். கடைசிப் படத்தில் பலகைக்குப் பின்னால் ஏதோ மங்கலாக இருந்தது. சும்மாதான் பட்டையை எல்லை தாண்டி இழுத்தேன். 3.10… 3.90…

4.60.

தெளிந்தது.

நாற்காலியில் ஒரு பெண். சிவப்பு மெத்தை கிழிந்த நாற்காலி. என் பக்கத்தில் இருக்க வேண்டிய நாற்காலி.

கையை நீட்டித் தடவினேன்.

பக்கத்தில் நாற்காலியே இல்லை.

தலை சுற்றியது… சாய்ந்தேன்…

முழங்கையை ஒரு கை தாங்கிப் பிடித்தது. ஐஸ் மாதிரிக் குளிர்.

டொக். டொக்.

என் மேசையில்.

3:52. எப்படி மாடி ஏறினேன் என்று தெரியாது. தோரேயின் கோட்டும் இல்லை, பையும் இல்லை.

திங்கட்கிழமை காலை, கீழேயிருந்து அளவுத்தாளைத் தானே எடுத்துக்கொண்டு வந்தான். "பேனா குடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

"பார்க்காமலேயா?"

"வெள்ளிக்கிழமை பையனுக்கு மேட்ச். மூணு இருபத்தஞ்சுக்கே கிளம்பிட்டேன். நீ நல்லாத்தானே இருக்கே?"

நல்லாத்தானே இருக்கேனாம்! ஆறு வருடம் இவனை நம்பியா இருட்டில் உட்கார்ந்திருந்தேன்?

தாளைத் திருப்பினான். பேனா கீழே விழுந்தது.

பார்த்தவர் கையெழுத்துப் போடும் இரண்டாவது கட்டம் காலியாக இல்லை. பதினான்கு வரியிலும் ஒரே கையெழுத்து. கேஷே டீசன். நான் கேள்விப்படாத பெயர்.

"அவளைப் பத்தி… உனக்கு யார் சொன்னது?" என்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அவன் சொல்லவில்லை, நானே விசாரித்தேன். ஒன்பது வருடங்களுக்கு முன் அதே இருட்டறையில் அளந்துகொண்டிருந்தவள். அவளுக்கும் என்னைப் போலவே மயக்க நோய். மாலை ஆறரைக்குத்தான் தரையில் கிடந்த உடலைப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் இறந்த நாளின் அளவுத்தாள் பழைய கோப்பில் இருந்தது. எட்டாவது வரியோடு அவள் கையெழுத்து நின்றிருந்தது.

பக்கத்துக் கட்டத்தில், உடனிருந்து பார்த்ததாக, பதினான்கு வரிக்கும் தோரே கையெழுத்துப் போட்டிருந்தான்.