மேல் இடம் அத்தைக்கு

தாராவியில் எங்கள் வீடு கீழே, பை தைக்கும் பட்டறை மேலே. இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர். பையில் அச்சடிக்கும் டிசைன்களை என் கணவர் அதில்தான் போடுவார். நான் படித்துக்கொண்டிருந்த கோர்ஸுக்கு லினக்ஸ் வேண்டும். என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, சீரியல் வேண்டும்.

திரையில் எது மினுக்கினாலும் அத்தை கிளிக் செய்துவிடுவார். ஒருநாள் டிசைன்கள் இருந்த ஃபோல்டரே மாயமானது.

"நான் ஒண்ணும் தொடலியே. அதுவா கண்ணடிச்சிச்சு, என்னன்னு பாத்தேன்" என்றார்.

ஃபோல்டரை மீட்டெடுத்த கையோடு, ஹார்ட் டிஸ்க்கை மூன்று பங்காகப் பிரித்து மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். ஆளுக்கு ஒன்று. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். அம்புக்குறிப் பொத்தானால் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். எதையும் அழுத்தாவிட்டால், மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும்.

அத்தை பட்டியலை உற்றுப் பார்த்தார். "இதுல நான் எங்கன இருக்கேன்?"

"கடைசில, அத்தை."

"கடைசிலயா?"

மத்தியானம் எல்லோருக்கும் மீன் குழம்பு, எனக்கு மட்டும் ரசம். சாயங்காலத்துக்குள் அவரை மேலே ஏற்றிவிட்டேன். கூலிங் கிளாஸ் போட்டு அவர் ஆசையாக எடுத்துக்கொண்ட படத்தைத் திரை முழுக்க வைத்தேன். கணவரிடம் மூச்சுவிடவில்லை. என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

அந்த வாரமே நடந்தது. மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி, மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை தைக்கச் சொல்ல வந்திருந்தார். டிசைனைத் திறந்து வைத்துவிட்டுக் கணவர் சாய் வாங்கப் போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய சிஸ்டம் அப்டேட் ஏற்றிக்கொண்டு தானாக அணைந்து எழுந்தது. பொத்தானை அழுத்த ஆள் இல்லை. அவர் சாயோடு திரும்பியபோது திரையில் பிள்ளையாரும் குத்துவிளக்கும் இல்லை. கூலிங் கிளாஸோடு அம்மா.

மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதென்ன, பையில இவா ஃபோட்டோவா போடப்போறேள்?"

மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "அது நாந்தான். போடுங்களேன், நல்லாத்தான இருக்கு?"

மாமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் கணவர் கொதித்தார்.

"எம்மா, எனக்கு தந்தா இருக்கு, தொழிலு. நாந்தான் மேல இருக்கணும்."

"பெத்தவள கீழ தள்ளப் பாக்கியோல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பஞ்சாயத்து பேசினேன். கடைசியாக யார் பயன்படுத்தினார்களோ, அடுத்த முறை அவர்களுடையதே தானாகத் திறக்கும்படி மாற்றி வைத்தேன். நியாயமான தீர்ப்பு என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து அத்தை, மகன் எழுவதற்கு முன்பே கம்ப்யூட்டரைப் போட்டு, பட்டியலில் தன்னுடையதைத் திறந்து, தன் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். தினமும் அம்மாவைக் கடந்துதான் மகன் தொழிலுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் சந்தேகமாக என்னைப் பார்ப்பார். நான் கீரைக்கட்டைப் பார்ப்பேன்.

போன மாதம் சான்பாடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்வந்த அத்தை, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்:

"ஏட்டி, அவ வீட்டு கம்ப்யூட்டர்ல அவ மவன் மட்டுந்தான் இருக்கானாம். பாவம்."